தலைச்சுற்றோடு வரும் ஒற்றைத் தலைவலி: சத்து மாத்திரை போத்தல் வாங்குமுன் கொஞ்சம் கவனியுங்கள்



சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் எல்லாம் காட்டுக்குப் போன பிறகு, எங்கள் டிஸ்பென்சரிக்கு ஓர் அக்காள் வந்தார். வயது நாற்பத்து மூன்று. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை என் மேசை மேல் கவிழ்த்தார். நான்கு போத்தல்கள் உருண்டன.

“டிரசர் தம்பி, இதுல எது என் தலைச்சுத்துக்கு நல்லது? நாலும் சேர்ந்து மாசத்துக்கு முந்நூத்தி இருபது வெள்ளி. ஆறு மாசமா வாங்கறேன். சுத்து மட்டும் நிக்கல.”

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுமுன் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த அக்காளுக்கு இரண்டு வருடமாகத் தலைச்சுற்று மாத்திரை எடுத்துக் கொடுத்து வந்தவன் நானேதான். பித்தம், வெயில், சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பிரஷர் பார்த்தேன், சீனி பார்த்தேன், இரத்தம் பார்த்தேன். “தலைவலி உண்டா அக்கா?” என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். “அது இல்லாம இருக்குமா? பதினாறு வயசுலேருந்து இருக்கு. மாசத் தீட்டுக்கு முன்னால ஒரு பக்கமா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்” என்றார். அரசாங்கக் கிளினிக் டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பினார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்தது: வெஸ்டிபுலர் மைக்ரேன். தமிழில் சொன்னால், தலைச்சுற்றோடு கூடிய ஒற்றைத் தலைவலி.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இதே மாதிரி போத்தல்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதே காரணம்.

இது என்ன நோய்?

நம் காதின் உள்ளே கேட்பதற்கு ஓர் உறுப்பு இருப்பது போலவே, நாம் விழாமல் நேராக நிற்பதற்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. வளைந்த சிறு குழாய்கள் மூன்று, அவற்றினுள் நீர். தலையை ஆட்டினால் அந்த நீர் அசையும். அந்த அசைவை நரம்பு மூளைக்குச் சொல்லும். கண் பார்ப்பதையும் கால் உணர்வதையும் இதோடு சேர்த்து மூளை ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். நாம் நடக்கிறோமா, நிற்கிறோமா, சாய்கிறோமா என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் மூளை நரம்புகள் சட்டென்று கிளர்ந்துவிடும் சுபாவம் கொண்டவை. வெளிச்சம், சத்தம், வாடை, பசி, தூக்கக் குறைவு எல்லாம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். அந்தக் கிளர்ச்சி சமநிலை நரம்புப் பாதையில் எழும்பினால், தலைவலியோடோ தலைவலி இல்லாமலோ உலகமே சுற்றுவது போலிருக்கும். காதில் கோளாறு ஒன்றும் இராது.

2012ஆம் ஆண்டில், சமநிலைக் கோளாறு நிபுணர்களின் பாரனி சங்கமும் அனைத்துலகத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து இந்த நோயை அறிய ஓர் அளவுகோல் வகுத்தன. குறைந்தது ஐந்து முறையாவது தலைச்சுற்று வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கலாம். ஒற்றைத் தலைவலி இப்போதோ முன்போ இருந்திருக்க வேண்டும். சுற்று வந்த தடவைகளில் பாதியிலாவது ஒரு பக்கத் தெறிப்பு வலி, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போதல், கண் முன்னே நெளிவு மின்னுதல் போன்ற குறிகளில் ஒன்று கூடவே வர வேண்டும். வேறு நோய் இல்லை என்றும் டாக்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

எல்லாத் தலைச்சுற்றும் இது அல்ல. படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்றுவிட்டால், அது காதினுள் சிறு சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் இருக்கலாம். அதற்கு மாத்திரையே வேண்டாம். தெரிந்தவர் தலையை முறையாகத் திருப்பிவிட்டால் சரியாகும். ஒரு காது அடைத்து, இரைச்சலோடு கேள்வி குறைந்தால் அது வேறு நோய். இரத்தச் சோகை, சீனி இறக்கம், வெயில் தாக்கு ஆகியவற்றாலும் தலை கிறுகிறுக்கும். களைக்கும் பூச்சிக்கும் மருந்தடிக்கும் வேலை செய்கிறவருக்கு, தலைச்சுற்றோடு வேர்வை, எச்சில் ஊறல், வாந்தி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் அது விஷம் ஏறிய குறி. உடனே ஆஸ்பத்திரி.

போத்தலில் இருப்பது என்ன?

ஒற்றைத் தலைவலிக்கு ஆராய்ந்து பார்க்கப்பட்ட சத்துப் பொருள்களில் முக்கியமானவை மூன்று.

முதலாவது ரிபோபிளேவின் என்கிற பி2 வைட்டமின். நரம்பணுவினுள் சக்தி உண்டாக இது உதவுகிறது. 1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்றில் 55 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் பி2, மறு பகுதியினருக்குச் சத்து இல்லாத வெறும் மாத்திரை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பி2 சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 59 பேருக்குத் தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு அப்படி.

இங்கே ஒன்றைக் கவனிக்கவும். நம் உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் பி2 ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே கூட. ஆய்வில் கொடுத்தது அதற்கு முந்நூறு மடங்குக்கும் மேல். கிளினிக்கில் கொடுக்கும் சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இருப்பதோ ஒரு சில மில்லிகிராம்தான். “நானும் பி வைட்டமின் சாப்பிட்டேன், கேக்கல” என்று சொல்வது இதனால் பொருந்தாது. பி2 பெரிய கெடுதல் செய்யாத வைட்டமின். சிறுநீர் மட்டும் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். சிலருக்குப் பேதியாகும்.

இரண்டாவது மெக்னீசியம். இது நரம்பின் கிளர்ச்சியை அடக்கும் உப்பு. 1996இல் வந்த ஓர் ஆய்வில் நாளுக்கு 600 மில்லிகிராம் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே சிலருக்கு உதவலாம் என்ற அளவில்தான் சொல்ல முடியும். மெக்னீசியம் போத்தலில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மெக்னீசியம் ஆக்சைடு 400 மில்லிகிராம் என்றிருந்தால், அதில் உண்மையான மெக்னீசியம் சுமார் 240தான். மற்றது ஆக்சிஜன். சிட்ரேட் என்ற உப்பாக இருந்தால் இன்னும் குறைவு.

இதில் ஆபத்தும் உண்டு. அளவு கூடினால் வயிற்றுப்போக்கு. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த உப்பு உடலிலேயே தங்கி, தசையையும் இருதயத்தையும் தளர்த்திவிடும். நம் மக்களில் சீனி வியாதிக்காரர் எத்தனை பேர்! அவர்களில் பலருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருப்பது அவர்களுக்கே தெரியாது. ஆகவே சீனி, பிரஷர் உள்ளவர் சிறுநீரக இரத்தச் சோதனை பார்க்காமல் மெக்னீசியத்தைத் தொடக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சில கிருமி மருந்துகளையும் இது வேலை செய்யவிடாது.

மூன்றாவது கோ-என்சைம் கியூ10. 2005இல் 42 பேரைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வில், நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் தெரிந்தது. மூன்றிலும் விலை கூடியது இதுதான். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுகிறவருக்கு, அந்த மருந்தின் வேகத்தை இது குறைத்துவிடக்கூடும்.

இப்போது முக்கியமான விஷயம். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் சாதாரண ஒற்றைத் தலைவலிக்கானவை. தலைச்சுற்றோடு வரும் வகைக்கென்று நடந்த ஆய்வுகள் மிகச் சில. 2023இல் காக்ரேன் என்ற அனைத்துலக ஆய்வுக் குழு எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்து, உறுதியாக எதையும் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. தலைவலிக்கு உதவுவது சுற்றுக்கும் உதவலாம் என்ற எண்ணத்தில்தான் டாக்டர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். ‘குணமாகும்’ என்று எவராவது உத்தரவாதம் தந்தால், அவர் விற்பதற்காகப் பேசுகிறார் என்று அறிக.

இயற்கை என்றால் கெடுதல் இல்லையா?

பட்டர்பர் என்று ஒரு மூலிகை. ஒற்றைத் தலைவலிக்கு நல்லது என்று 2012இல் அமெரிக்க நரம்பியல் கழகமே பரிந்துரைத்தது. பிறகு ஈரல் கெட்டதாகச் செய்திகள் வரவே, 2015இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. நம் வேலியோரத்து சாயூர் மானிஸ் கீரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்கிச் சாப்பிட்டால் அருமையான கீரை. 1995 வாக்கில் தைவானில் உடல் மெலிய வேண்டும் என்று அதைப் பச்சையாக அரைத்துச் சாறாக நாள்தோறும் குடித்தார்கள். பலருக்கு நுரையீரல் மீளாமல் கெட்டது. பொருள் ஒன்றுதான்; அளவும் வகையும் மாறியபோது விஷமாயிற்று.

பி6 வைட்டமின் பல சத்து மாத்திரைகளில் கலந்திருக்கும். இரண்டு மூன்று போத்தல்களைச் சேர்த்துச் சாப்பிட்டால், நமக்குத் தெரியாமலே அளவு ஏறும். மாதக் கணக்கில் அப்படிப் போனால் கை கால் மரத்து எரியும். ஜின்கோ என்ற இலைச் சத்தைத் தலைச்சுற்றுக்கு என்றே விற்கிறார்கள். ஆஸ்பிரின், வார்பரின் சாப்பிடுகிறவருக்கு அது இரத்தக்கசிவை உண்டாக்கலாம். பாசார் மாலாமில் பெயர் தெரியாத மாத்திரையும் மாஜூனும் வாங்குகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பதிவில்லாத இப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு நாளில் உடம்பு பறப்பது போலிருக்கும். பிறகு முகம் வீங்கும், சீனி ஏறும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

கர்ப்பிணிகளும் குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் இவற்றில் எதையும் பெரிய அளவில் சாப்பிட வேண்டாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்திலும் சத்து மாத்திரையிலும் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும் அதன்பின் எண்களும் அச்சாகியிருக்கும். கடைசியில் ஓர் எழுத்து வரும். ‘என்’ என்றால் சத்துப் பொருள், ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. சுகாதார அமைச்சின் மின்னும் பாதுகாப்பு வில்லையும் ஒட்டியிருக்க வேண்டும். எண் போலியா என்று தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒன்று: பதிவு எண் இருந்தால் பொருள் சோதித்து அனுமதிக்கப்பட்டது என்று அர்த்தம், உங்கள் நோய் தீரும் என்று அர்த்தமில்லை.

அந்த அக்காள் கொண்டுவந்த நான்கு போத்தல்களில் ஒன்றில் எண்ணே இல்லை. இரண்டில் ஒரே சத்து வேறு வேறு பெயரில் இருந்தது. மற்றதில் பி2 இருந்தது. ஆனால் ஆய்வில் கொடுத்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விற்றவர் அவருடைய சொந்தக்காரப் பெண். தெரிந்து ஏமாற்றவில்லை. அவரும் கடன்பட்டுத்தான் சரக்கு எடுத்திருந்தார்.

செலவில்லாமல் செய்யக் கூடியவை

போத்தலுக்கு முன் இவற்றைப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் கோப்பி ஓ குடித்துவிட்டு, பதினொரு மணி வரை பசியாறாமல் வேலை செய்வது ஒற்றைத் தலைவலிக்காரருக்கு ஆகாது. இரண்டு துண்டு ரொட்டியோ மிஞ்சின சோறோ வயிற்றில் விழட்டும். தண்ணீர் தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள். நாளுக்கு ஐந்தாறு கோப்பி குடிக்கிறவர் ஒன்றிரண்டுக்கு மெல்ல மெல்லக் குறைக்கவும். சட்டென்று விட்டால் அதுவே தலைவலியைக் கொடுக்கும். தூங்கும் நேரமும் எழும் நேரமும், ஞாயிற்றுக்கிழமையிலும் ஒன்றாக இருப்பது நல்லது. வெயிலுக்குத் தொப்பி. கீரை, பருப்பு, வேர்க்கடலை, பூசணி விதை ஆகியவற்றில் மெக்னீசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

வலி மாத்திரையிலும் கணக்கு வேண்டும். பனடோல் போன்றதை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். தலைச்சுற்று மாத்திரையும் வாந்தியும் சுற்றும் உள்ள ஓரிரு நாளுக்குத்தான். மாதக் கணக்கில் போட்டால், மூளை தானாகச் சமநிலைக்குப் பழகுவது தாமதமாகும். வயதானவர்களுக்கு கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம். இதை நான் சொல்லும்போது என் பழைய தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

டாக்டர் தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தால், சத்து மாத்திரைக்காக அதை நிறுத்தாதீர்கள்.

சத்து மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் முறை

டாக்டர் சம்மதித்தால் இப்படிச் செய்யலாம். வீட்டுச் சுவர் நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைச்சுற்று வந்த நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம், தலைவலி வந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாதத் தீட்டு நாளுக்கு ஒரு கோடு. முதல் மாதம் புதிதாக எதையும் சாப்பிடாமல் குறித்து மட்டும் வாருங்கள். பிறகு ஒரே ஒரு சத்து மாத்திரையைத் தொடங்குங்கள். ஒரே சமயத்தில் மூன்றைத் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டு, வட்டங்களை எண்ணிப் பாருங்கள். பாதியளவு குறைந்திருந்தால் தொடரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்தக் காசை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காள் இப்படித்தான் செய்தார். டாக்டர் கொடுத்த இரவு மாத்திரை, காலையில் பசியாறல், பி2 மட்டும். மாதத்தில் ஒன்பது வட்டம் இருந்தது நான்காயிற்று. எதனால் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது, மூன்றும் சேர்ந்திருக்கலாம். சுற்று முழுதாக நிற்கவில்லை. மாதம் முந்நூற்று இருபது வெள்ளி போவது நின்றது.

வேலையும் உரிமையும்

சுற்று இருக்கிற நாளில் மோட்டார் ஓட்டாதீர்கள். டிராக்டரில் ஏறாதீர்கள். அரிவாள் கழியைத் தூக்காதீர்கள், மருந்தடிக்கப் போகாதீர்கள். சங்கடப்படாமல் மண்டோரிடம் சொல்லுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். டாக்டரின் எம்.சி. வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ‘சோம்பேறித்தனம்’ என்று யாராவது சொன்னால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குறிகள்

1. முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் விளங்காமல் போதல்.
2. பொருள்கள் இரண்டாகத் தெரிதல், பிடித்தாலும் நிற்க முடியாமை.
3. இதுவரை இல்லாத கடுமையான தலைவலி திடீரென்று வருதல்.
4. ஒரு காது திடீரென்று கேளாமல் போதல்.
5. காய்ச்சலோடு கழுத்து விறைத்தல்.
6. நெஞ்சுவலி, நினைவு தப்புதல், தலையில் அடிபட்டபின் சுற்று.

இவற்றில் ஒன்று இருந்தாலும், “கொஞ்சம் படுத்தா சரியாயிடும்” என்று இருந்துவிடாதீர்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளிதான். போகும்போது வீட்டில் உள்ள எல்லாப் போத்தல்களையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டாம். அங்கே போகுமுன் உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தாலும் சரி, எம்.ஏ.எல். எண்ணை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், கடிதமும் எழுதித் தருகிறோம். தலைச்சுற்று என்று வந்தால், தலைவலியும் உண்டா என்று நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.